கதவை அழுத்தினால் சத்தம் கேட்கும்

ஒரு பையனின் மூக்கை உடைத்ததற்குத் தண்டனையாகத்தான் என்னைக் கம்ப்யூட்டர் அறைக்கு அனுப்பினார்கள். தொண்ணூறுகளின் கடைசி அது. ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த ரந்தாவில் நான் படித்த மலாய் இடைநிலைப் பள்ளியில் தோட்டத்துப் பிள்ளைகள் பின்வரிசையிலும் பட்டணத்துப் பிள்ளைகள் முன்வரிசையிலும் உட்காருவோம். யாரும் சட்டம் போடவில்லை, அப்படித்தான் உட்காருவோம். போட்டோக் கடைக்காரரின் மகன், சீனப் பையன், முன்வரிசை. ஒரு நாள் திரும்பிப் பார்த்து, என் சட்டையில் ரப்பர் பால் நாற்றம் அடிக்கிறதென்று மூக்கைப் பொத்திக் காட்டினான். அம்மா பால்மரம் வெட்டுகிறவள். அவள் வேலைத்துணியும் என் பள்ளிச் சட்டையும் ஒரே வாளியில் ஊறும். நாற்றம் வரத்தான் செய்யும். அதை நான் சொல்லலாம், அவன் சொல்லலாமா? எழுந்து போய் ஒரு குத்து விட்டேன். அவன் வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். இன்றுவரை அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

கட்டொழுங்கு ஆசிரியர் பிரம்பை எடுத்துவிட்டார். குறுக்கே வந்தவர் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொண்டிருந்த இளம் மலாய் ஆசிரியை. மலாய்ப் பள்ளியில் ஆணோ பெண்ணோ, ஆசிரியர் எல்லாரும் எங்களுக்கு 'சிக்கு'தான். இரண்டு பேரையும் தன்னிடம் விடச் சொன்னார் சிக்கு. சேர்ந்து ஒரு வேலை செய்து முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் பிரம்பு அங்கேயேதான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம் என்றாராம்.

வேலை இதுதான். அவரவர் ஊரைப் பற்றி மாணவர்களே ஆராய்ச்சி செய்து, படம், எழுத்து, சத்தம் எல்லாம் சேர்த்து வெப் பக்கம் செய்ய வேண்டும். பெற்றோர் வரும் நாளில் பள்ளியில் காட்டிவிட்டு, பிறகு சிரம்பானுக்குப் போட்டிக்கு அனுப்புவார்கள். எனக்கு அதுவரை கம்ப்யூட்டர் என்றால் தோட்டக் கணக்கு எழுதும் கிராணியின் ஆபீஸ் கண்ணாடி வழியாகப் பார்த்த ஒரு பெட்டி. அறைக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஏர்கோன் குளிரில் கால்விரல் விறைக்கும். இன்டர்நெட்டில் ஒரு படம் மேலேயிருந்து கீழே இறங்கி முடிப்பதற்குள் வெளியே போய் ஒரு தே குடித்துவிட்டு வரலாம். அப்படியும் அந்த அறையை விட்டு வர எனக்கு மனசே வராது. வீட்டுக்குப் போனால் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.

சிக்கு எங்களுக்கு முதலில் சொல்லித்தந்தது கம்ப்யூட்டரை அல்ல, கேள்வி கேட்பதை. யாரிடம் கேட்டாயோ அவர் சொன்னதை அப்படியே எழுது, உனக்குப் பிடிக்கவில்லை என்று மாற்றாதே. யாருடைய படத்தை, யாருடைய குரலைப் போடுகிறாயோ அவரிடம் முதலில் அனுமதி கேள். இந்த இரண்டும்தான் அவருடைய சட்டம். மீறினால் செய்த பக்கத்தை ஒரே தட்டில் அழித்துவிடுவார். இரண்டு முறை எங்களுடையதை அழித்திருக்கிறார், பாவி.

யோசனை போட்டோக் கடைப் பையனுடையது. எங்கள் லயத்தின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், படத்தை நீளமாக வரைவது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதவு. மவுஸால் கதவை அழுத்தினால் அந்த வீட்டில் விடியற்காலையில் கேட்கும் சத்தம் வரும். படம் வரைவதும் பக்கம் கட்டுவதும் அவன், சத்தம் பிடிப்பது நான். பள்ளியின் டேப் ரிக்கார்டரைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் மறுநாள் சம்சுச் சாராயக் கடையில் உட்கார்ந்து, "எம் மவ கம்ப்யூட்டர்ல தோட்டத்தையே உள்ள வைக்கப் போறா லா" என்று பெருமையடித்தாராம்.

அப்பா தோட்டத்து லோரி ஓட்டுபவர். லயத்து வீடு அவர் பெயரில் இருந்தது. அவரை 'அவர்' என்றுதான் எழுதுகிறேன், கை பழகிவிட்டது, மரியாதை ஒன்றும் இல்லை. அவர் அம்மாவை அடிப்பார். குடித்தாலும் அடிப்பார், குடிக்காவிட்டாலும் அடிப்பார். தேநீரில் சீனி போதவில்லை, சட்டையில் பொத்தான் இல்லை, லோரி பிரேக் டவுன் ஆகிவிட்டது, மழை. காரணத்துக்கா பஞ்சம்? ஒருமுறை அம்மாவின் காதுத் தோட்டைக் காதோடு இழுத்தார், மடல் கிழிந்து இரண்டாய்த் தொங்கியது. இன்னொரு முறை அரிசிப் பானையால் அடித்ததில் பானை நசுங்கியது. நசுங்கிய பானையில் சோறு ஒரு பக்கம் வேகாது, அதற்கும் ஒருநாள் அடி விழுந்தது. எனக்கு பெல்ட். எனக்கு விழுந்தால் திருப்பிக் கத்துவேன், கடிப்பேன். அம்மா கத்தமாட்டாள். லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, ஒரு வீட்டில் இருமினால் ஐந்தாவது வீட்டில் கேட்கும். அந்தக் கூரைக்குக் கீழே எல்லா வீட்டிலும் யாராவது யாரையாவது அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இரண்டு பேருக்குச் சண்டை முற்றிவிட்டால் கோயில் தலைவர் வருவார். புருஷனைக் கூப்பிட்டு அம்மன் முன்னால் சூடம் ஏற்றி, அதைக் கையால் அணைத்து, இனி அடிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணச் சொல்வார். சத்தியம் பண்ணினால் தீர்ந்தது, பெண்டாட்டி வீட்டுக்குப் போயே ஆக வேண்டும். போலீஸ், ஆபீஸ் என்று வெளியே போனால் தோட்டத்துக்கே அவமானம். அப்பா மூன்று முறை சூடம் அணைத்திருக்கிறார். ஒவ்வொரு சூடத்துக்கும் சில நாள் நல்லவராக இருப்பார். அந்த நாட்களில் அம்மாவுக்குத்தான் பயம் அதிகம்.

இந்த வீட்டை விட்டுப் போய்விடலாம் என்று அம்மாவிடம் நான் சொல்லாத நாள் இல்லை. "ஒன் பரீட்சை முடியட்டும்டி. இந்த வூட்ட விட்டா நீ எங்க ஒக்காந்து படிப்ப?" இதுதான் அவள் பதில். ஐந்தாம் படிவப் பள்ளியிறுதிப் பரீட்சை வரைக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பது, அதுதான் அவள் போட்டிருந்த திட்டம். எனக்கோ, அதுவரைக்கும் அந்த மனுஷன் இவளை விட்டுவைப்பாரா என்பதுதான் ஒரே கேள்வி. வகுப்பில் உட்கார்ந்திருப்பேன், வெளியே யாராவது ஓடிவரும் சத்தம் கேட்டால் அம்மாவின் செய்தி வந்துவிட்டது என்று எழுந்து நின்றுவிடுவேன்.

ஒரு விடியற்காலை ரிக்கார்டரை அடுப்படித் திண்டில் வைத்து, இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்திவிட்டு, பின்னால் குளிக்கப் போனேன். குளித்து, தலை துவட்டி, வந்து நிறுத்தினேன். கிட்டத்தட்ட ஒரு பக்கம் பதிந்திருந்தது. பள்ளிக்குக் கொண்டுபோகுமுன் போட்டுக் கேட்டேன். சேவல், குழாய்த் தண்ணீர், பக்கத்து வீட்டு ரேடியோவில் சாமிப் பாட்டு, அம்மா தேநீர் ஆற்றும் சத்தம். நல்ல சுத்தமாக வந்திருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பையன் ஒரு வயரைப் போட்டு ரிக்கார்டரைக் கம்ப்யூட்டரோடு இணைத்தான். சத்தம் திரையில் கோடுகோடாக ஓடியது. சேவலுக்கு ஒரு மேடு, தண்ணீருக்குப் புல் மாதிரி. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் கோடுகள் திரையைத் தாண்டிக் குத்திக்கொண்டு நின்றன. இதென்ன, ஏதோ இடிக்கிறார்களா, வெட்டிவிடட்டுமா என்று கேட்டான். "அது ஒண்ணும் இல்ல லா, விடு. லோரி ஹார்ன்தான் கெடுக்குது, அத வெட்டு" என்றேன் மலாயில். ஹார்னை வெட்டினான். மூன்று நாள் அந்தத் துண்டை நாங்கள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். அவனுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் சிக்கு பின்னால் வந்து நின்று கேட்டார். முகம் மாறியது. திரும்பப் போடச் சொன்னார். அந்த மேடுகள் வந்ததும் நிறுத்தச் சொல்லி, "இது என்ன?" என்று மலாயில் கேட்டார்.

"எங்க அப்பா, சிக்கு" என்றேன். சேவலைக் காட்டிச் சொல்வதுபோலத்தான் சொன்னேன்.

"அப்பா என்ன செய்கிறார்?"

"அம்மாவை அடிக்கிறார்."

பையன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். சிக்கு ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நடுவில் ஒரு பெண் மெதுவாக ஏதோ சொல்வது கேட்கிறதே, அது என்னவென்று கேட்டார். நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்பதை மலாயில் சொல்ல ஆரம்பித்தேன். "மெதுவாக அடியுங்கள்... பிள்ளை பள்ளிக்கூடத்துக்குச் சத்தம் பிடிக்கிறாள்... மிஷின் அங்கே இருக்கிறது... வேண்டுமென்றால் வெளியே கூட்டிப்போய் அடியுங்கள்."

என் வாயால் வேறு பாஷையில் சொன்ன பிறகுதான் அது என் காதுக்குள் போனது. ஐயோ, என் ரிக்கார்டிங் கெட்டுப்போகக் கூடாதென்று என் அம்மா அடியை மெதுவாக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள்! நான் பத்தடி தூரத்தில் குளித்துக்கொண்டிருக்கிறேன்! ஹெட்போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். நாற்காலியைத் தூக்கி எறிந்தேன். கையில் கிடைத்த புத்தகம், சப்பாத்து, வயர் எல்லாம் பறந்தன. பையன் மூக்கை மூடிக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டான். சிக்கு என்னைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார், அவர் கையையும் கடித்துவிட்டேன். அவர் விடவில்லை.

அடங்கிய பிறகு, அந்த இடத்தை வெட்டி எடுத்துவிடலாம் என்றார். நான் மாட்டேன் என்றேன். யாருடைய குரலோ அவரிடம் கேட்க வேண்டும் என்பது உங்கள் சட்டம்தானே, அம்மாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.

மத்தியானம், அம்மா பால் எடுத்துக் கொட்டகையில் ஊற்றிவிட்டு வந்து குளித்திருந்தாள். அப்பா லோரியோடு லிங்கிப் பக்கம் போயிருந்தார். அடுப்படியில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். "யாருடி கொழாய மூடாம வுட்டது?" என்றாள் முதலில். அவளுக்கும் அது கேட்கவில்லை! டேப்பைப் பின்னால் ஓட்டி, சத்தத்தைக் கூட்டி, "நல்லா கேளு" என்று கத்தினேன். இந்த முறை கேட்டது. கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். முடியும்வரை அசையவே இல்லை.

"ஏம்மா அப்படிச் சொன்ன? அடி வாங்கறப்ப எம் மிசினப் பத்தி ஒனக்கு என்னாம்மா?"

"ஸ்கூல் சாமானாச்சே. கெட்டுப்போனா ஒன்னத்தான கேப்பாங்க." சொல்லிவிட்டு ரிக்கார்டரைத் துண்டில் சுற்றினாள். பிறகு, "வெட்டச் சொல்லாத. இருக்கட்டும். அந்த மனுசன் ஒரு நாளாச்சும் கேக்கட்டும்" என்றாள்.

சிக்குவிடம் அப்படியே சொன்னேன். அவர் இரண்டு நாள் யோசித்தார். கடைசியில், அம்மாவும் வருவதானால் சரி, நான் பக்கத்திலேயே நிற்கிறேன் என்றார். நாலு பேர் முன்னால் கேட்டால் அப்பாவுக்கு வெட்கம் வரும், திருந்திவிடுவார் என்று நினைத்திருக்கிறார். நல்ல மனுஷி. அப்பாவை அவருக்குத் தெரியாது.

பெற்றோர் வரும் நாளில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, பக்கத்து வீட்டில் இருக்கும் தோட்டத்து மேற்பார்வையாளர் மண்டோரையும் இன்னும் நாலைந்து தோட்டத்து ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மா பின்னால் வந்தாள். மண்டபத்தில் எங்கள் மேசையில் பெரிய ஸ்பீக்கர் வைத்திருந்தோம். பையனின் அப்பாவும் அம்மாவும், மலாய்க்காரப் பெற்றோர்களும் சுற்றி நின்றார்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைத் தானே பிடித்துக்கொண்டார். முதலில் மண்டோர் வீட்டுக் கதவு. ஆடு கத்தியது, எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் எங்கள் வீட்டுக் கதவை அழுத்தினார்.

சேவல் கூவியது. "நம்ம சேவ லா!" என்று தொடையில் தட்டினார். தண்ணீர் விழுந்தது. ரேடியோ பாடியது. பிறகு அந்தச் சத்தம் வந்தது, ஸ்பீக்கரில் மண்டபம் முழுக்க. சீனக்காரர்கள், மலாய்க்காரர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்தினார்கள். எங்கள் ஆட்களோ தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார்கள். "அந்த ரேடியோ நம்ம வூட்டு ரேடியோ, கேட்டியா?" என்று மண்டோர் பக்கத்தில் நின்றவரை இடித்தார். அப்பா சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் கையின் சத்தம் அவருக்கே கேட்கவில்லை.

அம்மா முன்னால் வந்தாள். "இன்னொருவாட்டி போடும்மா" என்றாள் என்னிடம். போட்டேன்.

"என்னா கேக்குது, சொல்லுங்க" என்றாள் அப்பாவிடம்.

"கொழாத் தண்ணி."

"அப்புறம்?"

"ரேடியோ."

"அப்புறம்?"

அப்பா திரும்பிச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அப்போதுதான் முகங்கள் அவருக்குத் தெரிந்தன.

"அது ஒங்க கை" என்றாள் அம்மா. "அது நானு."

எழுந்த வேகத்தில் அடித்தார். புறங்கையால், வாயின் மேல். ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த அதே சத்தம். இந்த முறை தோட்டத்து ஆட்களுக்கும் கேட்டது. அம்மா மேசையில் மோதி விழுந்தாள், வாயிலிருந்து ரத்தத்தோடு ஒரு பல் தரையில் விழுந்தது. விழுந்தவளை மிதிக்கக் காலைத் தூக்கினார். நான் கீபோர்டை வயரோடு பிடுங்கி அவர் மண்டையில் போட்டேன். உடைந்து எழுத்துகள் சிதறின. திரும்பினார், நெற்றியில் இன்னொன்று போட்டேன். தோல் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. எனக்கு அப்போது இருந்த ஆத்திரத்தில் யாரும் பிடிக்காவிட்டால் கொன்றிருப்பேன், சத்தியமாகச் சொல்கிறேன்.

பிடித்தது மண்டோர். பிடித்தது என்னை! "பொட்டப்புள்ள பெத்த அப்பன அடிப்பியா?" என்று கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினார். அப்பாவைப் பிடித்தவர்கள் சிக்குவும், போட்டோக் கடைக்காரரும், பள்ளிக் காவலாளியும். மூன்று பேர் பிடித்தும் அவர் காலால் அம்மாவை எட்டி உதைக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். பையன் அம்மாவின் தலைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, தன் சட்டையைக் கழற்றி அவள் வாயில் வைத்து அழுத்தினான். மண்டோரின் மணிக்கட்டைக் கடித்து விடுபட்டு நானும் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

போலீஸ் டேசனில் எங்களுக்கு முன்னால் கோயில் தலைவர் வந்து உட்கார்ந்திருந்தார். மண்டோர் போன் பண்ணியிருக்கிறார். அப்பா நெற்றியில் கட்டோடு மூலையில் அழுதுகொண்டிருந்தார். அழுவதில் கெட்டிக்காரர். தலைவர் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் பேசினார். "தங்கச்சி, இது வெளிய போவ வேணாம். நாளைக்கே அம்மன் முன்னாடி சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்றேன். நீ ரிப்போட்டு குடுத்தா அவருக்கு வேல போயிடும். வேல போனா வூடு போயிடும். வயசுப் புள்ளய வச்சிக்கிட்டு எங்க போயி நிப்ப? பொண்ணும் அப்பன்கிட்ட மன்னிப்புக் கேட்டுடட்டும், முடிஞ்சி போச்சி."

"நான் கேக்கமாட்டேன்" என்றேன். அம்மா என் முழங்காலில் கையை வைத்தாள்.

மேசைக்குப் பின்னால் மலாய்க்காரக் கோப்ரல் தாளை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ரிப்போர்ட் உண்டா இல்லையா, அவருக்கு அதுதான் தெரிய வேண்டும். சிக்கு சுவரோரம் நின்றார். அம்மா தலைவரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பரீட்ச எப்பன்னு சொன்ன?"

"வருசக் கடைசிலம்மா."

வாயிலிருந்த சட்டையை எடுத்துப் பார்த்தாள். முழுக்க நனைந்திருந்தது. மடித்து வேறு பக்கத்தை வைத்துக்கொண்டாள்.

"அது வரைக்கும் நான் உசுரோட இருக்கமாட்டேன்டி" என்றாள். "நீ எங்கயாச்சும் ஒக்காந்து படிச்சிக்க."

பிறகு கோப்ரலிடம், தனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில், "தூலிஸ் லா, என்சிக்" என்று எழுதச் சொன்னாள். தலைவர் எழுந்து வெளியே போனார். கோப்ரல் பேனாவைத் திறந்து, எதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், இன்று பள்ளியில் நடந்ததிலிருந்தா என்று கேட்டார்.

"கல்யாணத்தன்னிக்கு ராத்திரிலேருந்து" என்றாள் அம்மா.